ஹால், டைனிங், கிச்சன் எல்லாம் ஒன்றாகத் திறந்து கிடக்கும் ஃபிளாட்டில் உட்கார ஓர் இடம் அமைப்பது எப்படி

சென்னையின் புறநகரில் இப்போது எழும்பும் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரைபடம்தான். கதவைத் திறந்தால் 11 அடி அகலம், 22, 23 அடி நீளத்தில் ஒரு ஹால். கதவுப் பக்கம் திறந்த கிச்சன், அதை ஒட்டி டைனிங் டேபிள், அதற்கப்பால் சோபா, கடைசியில் பால்கனி. குடி வந்ததும் எல்லோரும் செய்வதும் ஒன்றுதான். சோபாவை ஒரு சுவரோடு ஒட்டி, டிவியை எதிர்ச்சுவரில் மாட்டி, டேபிளை மிச்சமிருக்கும் இடத்தில் போட்டுவிட்டு, நடுவே பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து “எவ்வளவு விசாலம்!” என்று சந்தோஷப்படுவது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த ஹாலில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பெட்ரூமில் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோபாவில் மடிக்காத துணி குவிந்திருக்கும்.

மேடவாக்கத்தில் எங்கள் வீடும் இந்த வகைதான். நான் இன்டீரியர் படித்தவள் இல்லை. ஆனால் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் ஹாலை மாற்றிப்போட என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இஞ்ச் டேப், சாக்பீஸ், கொஞ்சம் பழைய செய்தித்தாள், இவ்வளவுதான் என் சாமான். போனதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “எந்தக் கலர் திரை போடலாம், எந்தக் கலர் குஷன்?” அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் யார் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன்.

நடக்கிற வழி

வாசலிலிருந்து பெட்ரூமுக்கு ஒரு வழி. கிச்சனிலிருந்து டேபிளுக்கு ஒன்று. துணி காயப்போட வாளியோடு பால்கனிக்குப் போகிற வழி மூன்றாவது. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்த வழிகளைத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 அடி அகலம் விடுங்கள். மிகவும் நெருக்கடி என்றால் இரண்டரை அடி. அதற்குக் கீழே போனால் வாளி சோபாவின் கையில் இடித்துத் தண்ணீர் சிந்தும். எந்தக் கோடும் குறுக்கே போகாமல் ஒரு துண்டு இடம் மிஞ்சும் பாருங்கள், அதுதான் உங்கள் லிவிங் ரூம். 9 அடிக்கு 10 அடி மிஞ்சினாலே தாராளம். நான்கைந்து பேர் முகம் பார்த்துப் பேச அதற்குமேல் இடம் தேவையில்லை.

கோவை சரவணம்பட்டியில் என் சித்தி மகள் வீட்டில் சோபா நீளச் சுவரில், டிவி எதிரே. பால்கனிக்கும் பெட்ரூமுக்கும் போகிற எல்லோரும் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டும். கிரிக்கெட் நாளில் வீட்டில் சண்டை. அங்கே ஒரு பொருள்கூட வாங்கவில்லை. 7 அடி சோபாவைச் சுவரிலிருந்து பிரித்து, அதன் முதுகு டைனிங் டேபிளைப் பார்க்கிற மாதிரி ஹாலின் குறுக்கே திருப்பிப் போட்டோம். ஒரு முனை வலப்பக்கச் சுவரைத் தொடும். இடப்பக்கம் 4 அடி வழி நேராகப் பால்கனிக் கதவுக்குப் போகும். பால்கனிச் சுவரில் கண்ணாடிக் கதவு போக வலப்பக்கம் 5 அடிச் சுவர் மிஞ்சியது. 43 இஞ்ச் டிவி அங்கே போனது. சோபாவில் உட்கார்ந்தால் டிவி ஏழடி தூரத்தில், அந்த அளவுத் திரைக்குச் சரியான தூரம். கண்ணாடிக் கதவு பக்கத்திலேயே இருப்பதால் மாலை வெயிலில் கண் கூசும். அதற்குக் கெட்டித் திரைதான் வழி.

கனமான சாமானை நகர்த்துவதற்கு முன் செய்தித்தாளை சோபா அளவுக்கு, டீப்பாய் அளவுக்கு ஒட்டித் தரையில் பரப்பி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். யார் எதை மிதித்துக்கொண்டு போகிறார்கள் என்று கவனியுங்கள். மிதிபட்டுக் கிழிந்த இடத்தில் எதையும் வைக்க முடியாது.

வெளிநாட்டு அலங்காரப் படங்களைப் பார்த்து சோபாவை மூலையில் போடத் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே பாருங்கள். ஃபேன் எங்கே தொங்குகிறது? நம் ஊரில் மனிதர்கள் உட்காரும் இடத்தைத் தீர்மானிப்பது ஃபேன்தான். கொக்கி கான்கிரீட் போடும்போதே உட்கார்ந்துவிட்டது, அதை நகர்த்துவது பெரிய வேலை. சோபாவில் உட்காருகிறவரின் தலை ஃபேன் தண்டிலிருந்து ஐந்து அடிக்குள் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். வரவில்லை என்றால் சுவர் ஃபேன் ஒன்றுக்கு ஸ்விட்ச் வைத்துவிடுங்கள். மே மாதத்தில் காற்று வராத சோபாவில், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரும் உட்காரப்போவதில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு வரம்பு

நடுவே போட்ட சோபாவில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடுவது தெரியும், உடம்பு தளராது. பழைய வீடுகளும் திறந்த வீடுகள்தான். ஆனால் திண்ணைக்கு ஒரு படி ஏற்றம், முற்றத்துக்கு ஒரு பள்ளம், தாழ்வாரத்துக்குத் தூண் வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. ஃபிளாட்டில் தரையை உயர்த்த முடியாது, தூண் நட முடியாது. சோபாவுக்குப் பின்னால் உயரம் குறைந்த அலமாரி ஒன்று வைக்கலாம்.

அளவு சொல்கிறேன். உயரம் 30 இஞ்ச், அதாவது சோபாவின் முதுகைவிட ஓரிரு இஞ்ச் குறைவாக. ஆழம் 10 முதல் 12 இஞ்ச். நீளம் சோபாவைவிட அரை அடி குறைவு. திறந்த தட்டுகள் டைனிங் பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மேல்தட்டில் புத்தகம், கீழ்த்தட்டில் டேபிள் மேட், தண்ணீர்ச் சொம்பு, அத்தையின் மாத்திரை டப்பா. சோபா பக்கம் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பலகையோடு ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறேன். போனுக்குச் சார்ஜ் போட யாரும் பெட்ரூமுக்கு ஓட வேண்டியதில்லை. இது ஒன்றுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஹாலுக்குக் கொண்டுவந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது.

எம்.டி.எஃப்., அதாவது மர இழையை அழுத்திச் செய்த பலகையில் பூவேலை வெட்டிய ஜாலித் தடுப்புகளை ஆளுயரத்துக்கு மாட்டுவது இப்போது மோஸ்தர். எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு துளையிலும் தூசி அடையும், பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். நீர் பட்டால் எம்.டி.எஃப். ஊதிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, பிற்பகலில் கிழக்கே இருந்து வரும் கடல்காற்றை மறிக்கும். பூஜை அலமாரியை மறைக்க இரண்டடி அகலத்தில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. வைத்திருப்பவர்கள் சோபாவுக்கும் டைனிங்குக்கும் நடுவே மேலே ஒரு திரைத் தண்டவாளம் போட்டுவிடுங்கள். இரண்டு பகுதிக்கும் நடுவே உத்தரம் ஒன்று கீழே இறங்கியிருக்கும். அதன் அடியில் மாட்டினால் தண்டவாளம் கண்ணில் படாது. ஒன்றரை டன் ஏ.சி. 23 அடி ஹாலையும் கிச்சன் சூட்டையும் சேர்த்துக் குளிர வைக்கத் திணறும். திரையை இழுத்துவிட்டால் சோபாப் பகுதி சீக்கிரம் குளிரும். கரூர்ப் பக்கம் நெய்யும் கெட்டிப் பருத்தித் துணி இதற்கு நல்ல கனம். எழும்பூர் பாந்தியன் சாலையில் துணிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். திரை அகலம் தண்டவாளத்தின் அளவைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழாது, போர்வை காயப்போட்ட மாதிரி இருக்கும்.

தரை

இந்தப் பகுதியில் செலவு செய்யத் தயங்காதீர்கள். வெறும் வெள்ளை டைல்ஸில் எவ்வளவு நல்ல சோபாவும் மிதக்கிற மாதிரிதான் தெரியும். விரிப்பு போட்டதும் அந்த நான்கு மூலைக்குள் ஓர் அறை உருவாகிவிடும்.

என்ன விரிப்பு? கடைகளில் புசுபுசுவென்று முடி நீண்ட கார்ப்பெட்டைக் காட்டுவார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி மக்கல் வாடை அடிக்கும், துவைக்கவும் முடியாது. சணல் விரிப்பு அழகுதான், ஆனால் தும்பு உதிரும், ஈரம் பட்டால் கறுத்துப்போகும்.

நான் எல்லா வீட்டுக்கும் சொல்வது பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில் கைத்தறியில் நெய்வது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டுப் பருத்தி நூல், பட்டை பட்டையாகச் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். வாங்கும்போது ஒரு மூலையைக் கையில் தூக்கிப் பாருங்கள். கைத்தறி ஜமக்காளம் கனக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினால் அமுங்காமல் கெட்டியாக நிற்கும். புரட்டினால் அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஆகவே ஒரு பக்கம் அழுக்கானால் திருப்பிப் போடலாம். விசைத்தறியில் மலிவாக நெய்ததும் அதே பெயரில் விற்கிறது, அது லேசாக இருக்கும், விரைவில் சுருண்டுகொள்ளும். முதல் இரண்டு சலவையில் சாயம் கொஞ்சம் போகும், தனியாக நனையுங்கள்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பேர் சோபா என்றால் 6 அடிக்கு 9 அடி, நீளப் பக்கம் சோபாவோடு போகிற மாதிரி. சோபாவின் முன்கால்கள் இரண்டும் விரிப்பின்மேல் ஏற வேண்டும், பின்கால் வெளியே இருக்கலாம். டீப்பாய்க்கு அடியில் மட்டும் கைக்குட்டை மாதிரி ஒன்றைப் போட்டால் ஹால் இன்னும் சின்னதாகத் தெரியும். டைல்ஸில் ஜமக்காளம் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் அடியில் வலை மாதிரியான ரப்பர் மேட் போடாமல் விரிக்கவே கூடாது.

சோபா தைரியமான நிறமென்றால் பட்டை ஜமக்காளம் அதோடு மோதும். அப்போது பத்தமடைப் பாயை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது, கோடையில் வெறுங்காலுக்கு அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் டீப்பாய் கால் அழுத்தினால் கோரை முறியும். அதனால் நான் அதை நாற்காலி இல்லாத மூலையில், தரையில் உட்காருகிறவர்களுக்காகப் போடுவேன். ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவிடக் கூடாது.

தரையில் உட்கார இடம் விடுவதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நம் வீடுகளில் சோபா இருந்தாலும் பூ கட்டுவது, அவரைக்காய் கிள்ளுவது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் கீழேதான். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் 16 முதல் 18 இஞ்ச் இடைவெளி போதும். டீப்பாயின் மறுபக்கம் மூன்றடி காலியாக இருக்கட்டும். சோபாவின் உயரமும் முக்கியம். தரையோடு தரையாக இருக்கும் சோபா படத்துக்கு நன்றாக இருக்கும். மூட்டுவலிக்காரர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். உட்காரும் உயரம் 17, 18 இஞ்ச் பாருங்கள். எங்கள் அத்தைக்கு அதுவும் சரிப்படாமல் பிரம்பு பின்னிய பழைய மர நாற்காலிதான் ஆசனம். பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னித் தர இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெளிச்சம்

பெரும்பாலான வீடுகளில் 23 அடிக்கும் சேர்த்து இரண்டு எல்.இ.டி. டியூப் லைட்டுகள், 6500 கெல்வின், பால் வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. ஸ்விட்சைத் தட்டினால் கிச்சன் சிங்க்கில் கிடக்கும் பாத்திரம் முதல் பால்கனித் துடைப்பம் வரை ஒரே வெளிச்சத்தில் தெரியும். மருந்துக்கடைக்கு அது சரி. வீட்டில் பகுதிக்கு ஒரு ஸ்விட்ச் பிரித்துவிடுங்கள். டைனிங்கை அணைத்தால் டைனிங் மறைய வேண்டும். திறந்த வீட்டில் இரவில் சுவர் எழுப்ப இதைவிட மலிவான வழி கிடையாது.

உட்காரும் பகுதிக்கு 2700 அல்லது 3000 கெல்வின் பல்ப். பெட்டியில் ‘வார்ம் வைட்’ என்று எழுதியிருக்கும், எண்ணையும் பாருங்கள். கிச்சனுக்கு அந்த மஞ்சள் ஒத்துவராது, காய் வாடியது தெரியாது. அங்கே 4000 போடுங்கள். 6500ஐ அங்கே வைத்தால் சோபாவில் இருந்து பார்க்கும்போது பக்கத்து வீட்டு வெளிச்சம் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

கூரையிலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும், எல்லோரும் களைத்துத் தெரிவார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு ஒரு விளக்கு வேண்டும்: சோபா ஓரத்தில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, அதன் கூண்டின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில். 7 அல்லது 9 வாட் பல்ப் போதும். எதிர்மூலையில், சோபாவுக்குப் பின்னால் வைத்த அலமாரிமேல், இன்னொரு சிறிய விளக்கு. இரண்டும் எரிந்து, கூரை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். மீதி ஹால் தானாகப் பின்வாங்கும்.

ஃபேன் இங்கேயும் வருகிறது. ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் வெளிச்சத்தை இறக்கை வெட்டி வெட்டி அறை முழுக்க நிழல் துடிக்கும், அரை மணியில் தலைவலி. சாதாரண ஃபேனின் வீச்சு 1200 மில்லிமீட்டர், அதாவது தண்டிலிருந்து இரண்டடி. விளக்கைத் தண்டிலிருந்து மூன்றடிக்கு அப்பால் வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் செய்கிறவரிடம் படம் வரையும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும், துளை போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. டைனிங் டேபிள்மேல் தொங்கும் விளக்கு ஆசைப்படுகிறவர்கள் டேபிளிலிருந்து 30 இஞ்ச் உயரத்தில் தொங்கவிடலாம். லேசான பிரம்புக் கூண்டு என்றால் ஃபேன் காற்றில் ஊசலாடி எல்லோர் தட்டிலும் நிழல் ஓடும். கம்பியில் தொங்குவதற்குப் பதில் குழாயில் நிற்கிற பித்தளையோ இரும்போ வாங்குங்கள்.

சத்தமும் வாசனையும்

ஹால் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் திரும்பி வந்தால் அந்த ஹாலில் நான்கு பேர் பேசுவதும் டிவியும் மிக்ஸியும் சேர்ந்து இரைச்சலாகத்தான் இருக்கும். டைல்ஸ், கண்ணாடி, வெற்றுச் சுவர் மூன்றும் எதிரொலிக்கும். ஜமக்காளம், கெட்டித் திரை, புத்தகத் தட்டு, துணி உறை போட்ட சோபா எல்லாம் அதைக் குறைக்கும். மிக்ஸியைக் கிச்சனின் உள்மூலைக்குத் தள்ளி, அடியில் ஒரு ரப்பர் மேட்டும் போடுங்கள்.

தாளிக்கிற வாசனை சோபாத் துணியில் ஏறும். வெல்வெட்டில் ஏறினால் இறங்காது. கழற்றித் துவைக்கிற பருத்தி உறையாகத் தைத்துக்கொள்ளுங்கள், குஷனுக்கும் அப்படியே. சென்னிமலைக் கைத்தறித் துணியில் நல்ல நிறங்கள் கிடைக்கும். நிறம் தேர்ந்தெடுக்கக் குழம்பினால் ஜமக்காளத்தில் உள்ள பட்டைகளில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. கிச்சன் மேடையின் ஹால் பக்கம் எட்டு இஞ்ச் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டச் சொல்லுங்கள். சோபாவிலிருந்து பார்த்தால் எண்ணெய்ப் பாத்திரமும் கரண்டியும் தெரியாது.

இரவில் இதே ஹால்

எத்தனை பேர் வீட்டில் பார்த்துவிட்டேன், எல்லாச் சாமானையும் சுவரோடு அடித்து ஆணி போட்டு வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்தால் படுக்க வைக்க இடமில்லை. நம் ஹால் பகலில்தான் லிவிங் ரூம். விசேஷ நாட்களில் படுக்கையறை, புரட்டாசியில் கொலு மண்டபம். சோபாவுக்குப் பின்னால் வைக்கிற அலமாரியைச் சுவரோடு பிணைக்காதீர்கள், இரண்டு பேர் தூக்குகிற கனத்தில் இரண்டு துண்டாகச் செய்துகொள்ளுங்கள். தனியாக நிற்பது என்பதால் கனமான சாமான் கீழ்த்தட்டில் போகட்டும். சோபாவோடு ஒட்டி நிறுத்துங்கள். டீப்பாய்க்குப் பதில் இரண்டு சின்ன மோடா இருந்தால் இன்னும் வசதி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிவிடலாம்.

கொலு வைக்கிற வீடானால், படி எங்கே நிற்கும் என்பதைச் சாக்பீஸ் போட்ட முதல் நாளே குறித்துவிடுங்கள். ஐந்து படிக்கு ஐந்தடி அகலமும் கிட்டத்தட்ட அதே ஆழமும் வேண்டும். வருகிறவர்கள் அதன் எதிரே தரையில் உட்கார்ந்து பாட ஜமக்காளம் ஏற்கெனவே கிடக்கிறது. அந்தச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் இப்போதே வைத்துவிட்டால், சீரியல் விளக்குக்கு ஹாலின் குறுக்கே ஒயர் இழுக்க வேண்டியிருக்காது.